உயரத்தைவிடக் காற்றைப் பாருங்கள்

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் சிகரம் 1,245 மீட்டர்தான். அந்த எண்ணை நம்பிக் குளிர்காலத்தில் ஏறுவது பெரும் தவறு. 1986 மார்ச்சில் அதன் உச்சியில் மணிக்குச் சுமார் 278 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. அவ்வளவு வேண்டாம், மைனஸ் 5 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தாலே, உடல் மைனஸ் 16 டிகிரிக் குளிரை உணரும். 1971 நவம்பரில் அந்த மலைமேட்டில் பனிப்புயலில் சிக்கி ஐந்து மாணவர்களும் ஒரு பயிற்றுநரும் இறந்தார்கள்.

வானிலை அறிக்கை பொய்க்கும், அனுபவமே போதும் என்பார்கள் சிலர். அனுபவம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் காற்று ஒரே இரவில் பனியை வாரி மறுசரிவில் குவித்துவிடும். நேற்று நடந்த பாதையே இன்று சரியக்கூடும். பழகிய கண்ணுக்கும் அது தப்பிவிடலாம். அறிக்கை சில மணி நேரம் பிசகலாம் என்பதும் உண்மை. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் ஏழு மணி நேரம்கூட இல்லை. ஆகவே திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.