சாமி தெரியுது, ஜனங்க தெரியலையே

எங்க ஆயா 2023 தை மாசம் தவறிப் போச்சு. (ஆயான்னா அப்பாவோட அம்மா. காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கமெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவோம். "ஆயா வந்துச்சு, ஆயா சொல்லுச்சு"ன்னு தான் பேசுவோம். மரியாதை இல்லாம எழுதறான்னு சண்டைக்கு வராதீங்க, உரிமை ஜாஸ்தின்னு அர்த்தம்.) சாவுக்கு வந்தவங்க அத்தனை பேரும் அப்பா கையப் புடிச்சு ஒரே விஷயத்தைத்தான் சொன்னாங்க. "கல்யாணச் சாவுப்பா. எண்பத்தஞ்சு வயசு. பேரன் பேத்தியெல்லாம் பாத்தாச்சு. இழுத்துக்கிட்டுக் கிடக்காம தூக்கத்துலயே போயிட்டாங்க. குடுத்து வச்சவங்க."

அந்த 85 கூட உத்தேசம் தான். ஆதார் கார்டுல 1.1.1938னு போட்டிருக்கும். பிறந்த தேதி தெரியாத அந்தக் காலத்து ஆளுங்க நிறைய பேருக்கு ஜனவரி ஒண்ணாம் தேதி தானே பிறந்த நாள் :-)

எல்லாரும் சொன்னதுக்கு நானும் தலையாட்டினேன். ஆனா அந்தக் கடைசி ஒன்றரை வருஷம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆயா வாழ்ந்தது முழுக்க சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. தாத்தா பட்டு நெசவு. வீட்டுக்குள்ளயே குழித்தறி. ஆயா ராட்டையில தார் சுத்தும், பாவு போடறப்ப ஒத்தாசை பண்ணும், நடுவுல ஆறு புள்ளைங்களையும் வளர்த்துச்சு. சாயங்காலம் ஆனா மூஞ்சி கழுவி, நெத்தி நிறைய குங்குமத்தோட கோயிலுக்குக் கிளம்பிடும். தாத்தா 2009ல போனப்புறம் குங்குமம் நின்னுச்சு, கோயில் நிக்கல.

வீட்டுல இருந்து கோயில் கூகுள் மேப்புல 9 நிமிஷ நடை. ஆயாவுக்கு ஒன்றரை மணி நேரம். எப்படின்னா, முதல்ல எதிர் வீட்டுத் திண்ணை. அப்புறம் பூக்கார அக்கா. அப்புறம் போன வாரம் கொழந்தை பொறந்த வீடு. தறி ஓடற சத்தம் கேக்காத வீடு இருந்தா உள்ள எட்டிப் பாத்து "ஏன்டா, உடம்பு சரியில்லையா, பாவு தீந்து போச்சா"ன்னு ஒரு விசாரணை. கோயிலுக்குள்ள போனா சாமி கும்புடறது அஞ்சு நிமிஷம். மீதி நேரம் அனந்தசரஸ் குளத்துப் படியில உக்காந்து கச்சேரி. சின்னப் பையனா கூடப் போய் கோயில் இட்லிக்காகவும் பல்லி தரிசனத்துக்காகவும் காத்துக்கிட்டு நிப்பேன். "ஆயா, நீ சாமி பாக்க வர்றியா, கதை பேச வர்றியா?"ன்னு கேட்டா, "ரெண்டும் ஒண்ணு தான்டா"ன்னு சொல்லும். அப்ப அதை ஜோக்குன்னு நெனச்சேன்.

நாப்பது வருஷத்துக்கு ஒருக்கா அந்தக் குளத்துல இருந்து அத்தி வரதரை வெளிய எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆயா 1979லயும் பாத்துச்சு, 2019லயும் பாத்துச்சு. ஆனா 1979 கதையைச் சொல்லச் சொன்னா அதுல சாமி வரவே வராது. "தறிய நிறுத்திட்டு குழி மேல பலகை போட்டு, அதுக்கு மேல பாய விரிச்சு ஜனங்கள படுக்க வச்சோம். உங்க அப்பனுக்கு பதினோரு வயசு, தெருவுல நின்னு மோர் குடுத்தான். எத்தினியோ வருஷமா பேச்சு வார்த்தை இல்லாத எங்க பெரிய நாத்தனார் அப்பத்தான் வீட்டுப் படி ஏறுனா." இப்படித்தான் போகும்.

2019ல 48 நாள் தரிசனம். ஜூலை முழுக்க சயனக் கோலம், ஆகஸ்டு 17 வரைக்கும் நின்ன கோலம். ஒரு கோடி பேருக்கு மேல வந்ததா சொன்னாங்க. நான் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. "இந்தக் கூட்டத்துல போய் மிதிபடணுமா, டிவியில பாரு ஆயா"ன்னு போன்ல கத்தினேன். மறுநாளே பக்கத்து வீட்டுப் பொண்ணுங்களோட வரிசையில நின்னு அஞ்சு மணி நேரத்துல பாத்துட்டு வந்துடுச்சு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். சாமி கட்டியிருந்த பட்டோட பார்டரைப் பத்தி ரெண்டு நிமிஷம் குறை சொல்லுச்சு (நெசவுக்கார வீடாச்சே). அதுக்கப்புறம் வரிசையில முன்னாடி நின்ன சேலத்துக்காரம்மா மருமக பிரச்சினை முக்கா மணி நேரம்.

நிற்க.

2021ல கொரோனா ரெண்டாவது அலை அடங்கின சமயம். ஆயா கிணத்தடியில வழுக்கி விழுந்துடுச்சு. எலும்பு உடையல, ஆனா வீட்டுல எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. தனியா இருக்காங்க, ராத்திரியில ஏதாவது ஒண்ணுன்னா யார் பாக்கறது? அப்பாவும் அத்தைங்களும் பேசி, சென்னையில எங்க ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். ஓஎம்ஆர் பக்கம் ஒன்பதாவது மாடி. தப்பான முடிவுன்னு இப்பவும் என்னால சொல்ல முடியல. பயம் நிஜம்.

ஆயாவுக்கு பக்தி ஜாஸ்தின்னு எங்களுக்குத் தெரியும். அதனால பூஜை அலமாரி புதுசா செஞ்சோம். பெரிய டிவி. காலையில திருப்பதி சேனல், சாயங்காலம் யூடியூப்ல ஏதாவது ஒரு கோயில். "எல்லா சாமியையும் உக்காந்த எடத்துலயே பாக்கலாம் ஆயா"ன்னு பெருமையா சொன்னேன். ஆயா பாக்கும். அஞ்சு நிமிஷம் கும்பிடும். அப்புறம் சுத்தி முத்தி பாக்கும். பேச ஆள் கிடையாது. அப்பா அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. நான் வீட்டுல இருந்தே வேலைன்னாலும் காதுல ஹெட்ஃபோன்.

சும்மா இருக்குமா? லிஃப்ட் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்து போற வர்றவங்களை "எந்த ஊரு கண்ணு, எத்தினி கொழந்தைங்க"ன்னு விசாரிக்க ஆரம்பிச்சுது. பத்து நாள் தான். வாட்ஸப் குரூப்புல "பொது இடத்தில் நாற்காலி போட வேண்டாம்"னு ஒரு மெசேஜ் வந்துச்சு. பேர் போடல, ஆனா எல்லாருக்கும் புரிஞ்சுது. அம்மாவுக்கு அசிங்கமாப் போய் நாற்காலியை உள்ள எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் ஆயாவுக்கு மிச்சம் இருந்த ஒரே சிநேகிதம் கீழ கேட்டுல நிக்கற ஒடிசாக்காரர். இதுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. ஆனா அவருக்கு ரெண்டு பொண்ணு, சின்னதுக்கு ஆஸ்துமான்னு எங்க வீட்டுல ஆயாவுக்கு மட்டும் தான் தெரியும்.

2022 வைகாசி. கொரோனாவால ரெண்டு வருஷம் நின்னு போன கருட சேவை திரும்பவும் நடந்துச்சு. விடிகாலையில பெருமாள் கருட வாகனத்துல கோபுர வாசல் தாண்டி வர்றப்ப ஊரே தெருவுல நிக்கும். ஒரு மாசமா ஆயா கேட்டுக்கிட்டே இருந்துச்சு, "என்ன ஒரு எட்டு கூட்டிப் போயேன்டா." அப்பாவால கார்ல ரொம்ப தூரம் ஓட்ட முடியாது. நான் தான் போகணும். எனக்கு அந்த வாரக் கடைசியில ரிலீஸ். சுமார் 75 கிலோமீட்டர் தான் தூரம். முடியாதுன்னுட்டேன். லேப்டாப் பக்கத்துல போனை வச்சு லைவ் போட்டுக் குடுத்தேன். ஆயா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்புறம் சொன்னுச்சு:

"சாமி நல்லா தெரியுதுடா. யார் யாரு வந்திருக்காங்கன்னு தான் தெரியல."

அந்த ரிலீஸை திங்கக்கிழமை மத்தியானமே ரோல்பேக் பண்ணினோம். அது வேற கதை.

என் கருத்து இதுதான். வயசானவங்களோட பக்தியை நாம பாதி தான் புரிஞ்சுக்கறோம். சாமி படம், சுப்ரபாதம், டிவி, ஆன்லைன் பிரசாதம் எல்லாம் வாங்கிக் குடுத்துட்டு கடமை முடிஞ்சுதுன்னு நெனைக்கறோம். எங்க ஆயா மாதிரி ஆளுங்களுக்கு கோயில்ங்கறது போற வழி, அந்தப் படிக்கட்டு, விசாரிக்கற நாலு பேர், தன்னை விசாரிக்கற நாலு பேர். அந்தக் காலத்துல ஒரு பொம்பள வேலைவெட்டிக்கு நடுவுல யார் கிட்டயும் கேக்காம வெளிய கிளம்பறதுக்கு இருந்த ஒரே காரணம் கோயில் தானே? அதை எடுத்துட்டு சாமியை மட்டும் குடுத்தோம்.

அதுக்காக எல்லாரும் பெரியவங்களைக் கொண்டு போய் ஊர்ல தனியா விட்டுடுங்கன்னு சொல்ல வரல. அது சுலபமா சொல்லிடலாம், விழுந்தா தூக்கறது யாருங்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு நாள் திண்ணையில உக்கார வச்சிருக்கலாம். வாட்ஸப் குரூப்புல "அது எங்க ஆயா, அங்கதான் உக்காரும்"னு ஒரு வரி நான் பதில் போட்டிருக்கலாம். டைப் பண்ணி அழிச்சேன், நெஜமா. இதெல்லாம் பெரிய தியாகம் ஒண்ணும் இல்ல.

ஆயா போனப்புறம் வந்த கருட சேவைக்கு லீவு போட்டுட்டு அப்பாவோட போனேன். எங்க தெருவுக்கு வர்றதுக்குள்ள ஏழெட்டு பேர் நிறுத்தி "ராட்டக்கார ஆயா பேரன் தானே நீ?"ன்னு கேட்டாங்க. பூக்கார அக்கா காசு வாங்காம ரெண்டு முழம் குடுத்துட்டு, "கடைசியா ஒரு தடவை கண்ணுல காட்டியிருக்கலாமேப்பா"ன்னாங்க. அப்பா எதுவும் பேசல.

9 நிமிஷ நடைக்கு அன்னிக்கு எங்களுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு.