சும்மா கிடந்த சாக்சபோன்

இரவு நிகழ்ச்சியில் ‘டூயட்’ படத்துப் பாடலைப் போட்டால் போதும், அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். 1994-இல் வந்த படம். இன்றைக்கும் அந்தச் சாக்சபோன் ஒலிக்கு மவுசு குறையவில்லை. அதை வாசித்தவர் கத்ரி கோபால்நாத். நாகஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் பார்த்த மேல்நாட்டு வாத்தியத்தின் மேல் ஆசைப்பட்டு, அதன் சாவிகளைத் தனக்கு ஏற்ப மாற்றி, அதில் கமகம் கொண்டு வந்தவர். 2019-இல் மறைந்தார்.

“இதைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும்?” என்று நேயர்கள் கேட்பார்கள். முன்பெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளிப்பேன். இப்போது பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன்: “உங்கள் வீட்டு அலமாரிமேல் ஏற்கனவே ஏதாவது வாத்தியம் இருக்கிறதா?”

காரணம் இருக்கிறது. கிள்ளானில் இருக்கும் என் தாய்மாமா எழுபதுகளில் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் சாக்சபோன் வாசித்தவர். போன வருடம் அவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு குடிபோனார். பழைய இரும்பு வாங்கும் லோரி வாசலில் நின்றது. சாமான்களோடு சாமானாக அந்தக் கறுப்புப் பெட்டியும் கிடந்தது. “பித்தளைதானே, எடைக்குப் போட்டால் நல்ல காசு” என்றார் உறவினர் ஒருவர். மாமா ஒன்றும் சொல்லவில்லை. நுரையீரல் கெட்டுப்போய் அவர் வாசிப்பை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பெட்டியை நான் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டேன்.

நானும் பள்ளி பேண்டில் ஐந்து வருடம் ஆல்டோ சாக்சபோன் வாசித்தவள்தான். எஸ்.பி.எம். முடிந்தது, பள்ளியின் வாத்தியத்தைப் பள்ளியிடமே கொடுத்தேன். பிறகு பல்கலைக்கழகம், ஊடகப் படிப்பு, வானொலி, கல்யாணம், குழந்தை. பதினேழு வருடம் ஓடிவிட்டது.

பெட்டியைத் திறந்தால் பூஞ்சை வாடை. வெள்ளி முலாம் கறுத்திருந்தது. துடைத்துப் பார்த்தபோது ‘பியூஷர், எல்கார்ட், இந்தியானா’ என்ற எழுத்துகள் தெரிந்தன. எல்கார்ட் அமெரிக்காவில் பேண்ட் வாத்தியங்களுக்குப் பேர்போன ஊர். பின்பக்கம் பெருவிரல் வைக்கும் இடத்தருகே வரிசை எண். அதை வைத்து 1920-களில் செய்தது என்று தெரிந்தது. அதன் பக்கத்தில் ‘லோ பிட்ச்’ என்று பொறித்திருந்தார்கள். பழைய வாத்தியம் வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ‘ஹை பிட்ச்’ என்று இன்னொரு வகையும் செய்தார்கள். அது இன்றைய கீபோர்டோடு சுருதி சேராது.

சாக்சபோன் பித்தளையில் செய்ததுதான். ஆனாலும் புல்லாங்குழல், கிளாரினெட் வகையறாவில்தான் அதைச் சேர்ப்பார்கள். ஒலி பிறப்பது உலோகத்தில் இல்லை. மவுத்பீஸில் கட்டிய ‘ரீட்’ என்னும் நாணல் சீவலில். பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பேரே வாத்தியத்துக்கும் ஆகிவிட்டது.

கோலாலம்பூரில் வாத்தியம் பழுதுபார்க்கும் ஒரு சீன அங்கிளிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு, நீளமான ஒரு சின்ன விளக்கைக் குழலுக்குள் விட்டார். மூடியிருக்க வேண்டிய துளைகள் எல்லாவற்றிலும் வெளிச்சம் கசிந்தது. வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும். மேலே ஒரு துளையில் காகிதம் அளவு இடைவெளி இருந்தால்கூடக் கீழ்ச்சுரங்கள் சரியாகப் பேசாது.

துளைகளை மூடுபவை ‘பேட்’ எனப்படும் வட்டுகள். உள்ளே கம்பளி, மேலே தோல். இருபதுக்கும் அதிகம் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் இறுகியிருந்தது, கம்பளியைப் பூச்சி தின்றிருந்தது. ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடித்திருந்தன. தக்கை பொடிந்திருந்தது. ஆனால் அங்கிள் ஒன்றைப் பார்த்துச் சிரித்தார். மற்ற சாக்சபோன்களில் பேட்களைப் பசை வைத்து ஒட்டுவார்கள். பியூஷரில் சட்டைப் பொத்தான் மாதிரி அழுத்திப் பொருத்துவார்கள். பிற்காலத்தில் பழுதுபார்த்த பலர் அந்தப் பொத்தான்களை வெட்டி எறிந்துவிட்டார்களாம். மாமாவின் வாத்தியத்தில் அத்தனையும் பத்திரமாக இருந்தன.

இரண்டு மாதம் ஆனது. 1,800 ரிங்கிட். “இந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே?” என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாங்கலாம்தான். ஆனால் மாமா வாசித்தது புதுசில் இல்லையே என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வாத்தியத்தைச் சரிசெய்யக் காசு இருந்தால் போதும். வாசிக்கிறவளைச் சரிசெய்யத்தான் கடை இல்லை. விரல்கள் ஒரு வாரத்தில் பழைய பாதையைக் கண்டுபிடித்துவிட்டன. மூச்சும் பிரச்சினை இல்லை. மைக் முன்னால் பேசிப் பேசிப் பழகியது. உதடுதான் மறந்துவிட்டது. மவுத்பீஸைக் கவ்விப் பிடிக்கும் ஓரத்துச் சதைகள் பத்து நிமிடத்தில் நடுங்கின. காற்று பக்கவாட்டில் ஒழுகியது. வாத்தியத்தில் கசிவை அடைத்தாகிவிட்டது, இனி என்னில் அடைக்க வேண்டும்.

பள்ளியில் எங்களுக்குப் பிடிக்காத பயிற்சி ஒன்று உண்டு: ஒரே சுரத்தை ஏறாமல் இறங்காமல் நீளமாக ஊதுவது. அதைத்தான் முதல் மாதம் முழுக்கச் செய்தேன். மெல்லிய ரீட், தினமும் பதினைந்து நிமிடம். அதற்கு மேல் போனால் உதடு தளர்ந்து தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் இருப்பது அடுக்குமாடி. வாய்ப்பக்கம் துணியை அடைத்தால் சத்தம் குறையும் என்று சிலர் சொன்னார்கள். பலனில்லை, ஒலி வழியிலுள்ள துளைகளில் எல்லாம் வெளியே வருகிறது. கடைசியில் துணிகள் தொங்கும் அலமாரியைத் திறந்துவைத்து அதற்குள் பார்த்து ஊதினேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். “ஏழு மணி நாடகத்துக்கு முன்னாடி முடிச்சிடும்மா” என்றார். முடித்துவிடுவேன்.

ஆறாவது மாதம் மாமாவைப் பார்க்கப் போனேன். ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பழைய பாட்டு வாசித்தேன். கேட்டுவிட்டு, “சுருதி நிக்குதும்மா. ஆனா அந்த இடத்துல விரல் அப்படி வராது” என்றார். வாத்தியத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கழுத்துப் பகுதியின் திருகைத் தளர்த்தி, மவுத்பீஸை என் பக்கம் திருப்பினார். “நீ ஊது” என்றார்.

நான் ஊதினேன். அவர் விரல் வைத்தார். நான் ஆறு மாதம் தேடிக் கிடைக்காத ஒரு வளைவு, அந்த எழுபத்தெட்டு வயது விரல்களில் தானாக வந்தது. மூச்சு வாங்கியது எனக்கு, வாசித்தது அவர். ஒரு பாட்டு முழுதாக முடித்தோம். பிறகு, “அடுத்த வாரம் வரும்போது கொண்டு வா. அந்த இடத்தைச் சொல்லித் தரேன்” என்றார். இப்போது ஞாயிறுதோறும் போகிறேன்.

நம் வீடுகளில் பிள்ளைகளை ஆசையாக வகுப்புக்கு அனுப்புகிறோம். தேர்வு வந்ததும் நிறுத்துகிறோம். வீணையும் வயலினும் ஆர்மோனியமும் அப்படியே உறைக்குள் கிடக்கின்றன. கற்றது வீணாகப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். எடுத்துப் பாருங்கள். நீங்களே திருகி, எண்ணெய் விட்டு, பளபளக்கத் தேய்த்துவிடாதீர்கள்; தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய ரப்பர் மவுத்பீஸ் என்றால் வெந்நீரில் கழுவ வேண்டாம், நிறம் மாறிவிடும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டுவையுங்கள்.

அந்த வாத்தியத்தை முன்பு வாசித்தவர் வீட்டில் இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். பழுதுபார்ப்பவர் காத்திருப்பார், வயதானவர்களின் நேரம் காத்திருக்காது.