கொட்டியவன் போயாச்சு, பில் நமக்கு

போபாலுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு கேள்வி கேட்காமல் இருக்க மாட்டார்கள். "அந்த ஃபேக்டரி எங்க இருக்கு?" என்பது முதலாவது. "இப்ப தண்ணி குடிக்கலாமா?" என்பது இரண்டாவது. ஆலை ரயில் நிலையத்திலிருந்து வெகு தூரமில்லை, துருப்பிடித்து அங்கேயேதான் நிற்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை, நம் ஆட்கள் இருக்கும் பக்கம் குழாயில் வருவது ஏரித் தண்ணீரும் அணைத் தண்ணீரும். பயப்பட வேண்டாம். ஆலையைச் சுற்றியிருக்கும் ஜனங்கள் போர் போட்டால் வருவதுதான் வேறு கதை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு எங்கள் அண்ணாச்சிதான் காரணம். திருநெல்வேலிக்காரர், ரிடையர் ஆகியும் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர். பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது பேச்சு மாசுபட்ட நிலங்களுக்கான 2025 விதிகள் பக்கம் போனது. இனி இப்படிப்பட்ட இடங்களை அரசே கண்டுபிடித்து ஆராயும், காசு கட்ட ஆள் இல்லாவிட்டால் மத்திய மாநில அரசுகளே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். கூடவே கொஞ்சம் புலம்பியும் விட்டேன். அண்ணாச்சி ஒரே வரியில் முடித்தார்:

"தம்பி, அரசாங்கம் துட்டு தாரான். வாங்கி ஆராயட்டும். இதுல உமக்கு எங்க வலிக்கு?"

எனக்கு எங்கே வலிக்கிறது என்று அன்றைக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மண்ணில் இருப்பது 1984 டிசம்பர் இரவில் கசிந்த வாயு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அந்த வாயு காற்றோடு போய்விட்டது. மண்ணில் இருப்பது, 1969ல் ஆலை தொடங்கியதிலிருந்து விபத்து வரைக்கும் தினசரி வேலையில் கொட்டியது. பூச்சிமருந்து தயாரிப்பின் கழிவு, பாதரசம், குளோரின் கலந்த ரசாயனங்கள் எல்லாம் ஆலை வளாகத்திலேயே குழிகளில் போடப்பட்டன. கழிவு நீரை வெயிலில் வற்ற வைக்க வடக்கே குளங்கள் வெட்டினார்கள். அந்தக் குளங்கள் கசிகின்றன என்பது விபத்துக்கு முன்பே, 1982லேயே கம்பெனிக்குத் தெரியும். விபத்தே நடக்காமல் இருந்திருந்தாலும் இந்த மண்ணும் தண்ணீரும் இப்படித்தான் இருந்திருக்கும். நாம் விபத்தை மட்டும் நினைவு வைத்துக்கொண்டோம்.

ஆலை நின்ற நிலம் மாநில அரசின் குத்தகை நிலம். 1994ல் அமெரிக்கக் கம்பெனி தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. 1998ல் நிலம் மாநில அரசிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 2001ல் யூனியன் கார்பைடை டௌ கெமிக்கல் வாங்கியது, 'அந்த ஆலை எங்களுடையதாக இருந்ததே இல்லை' என்பதுதான் அன்றிலிருந்து அவர்கள் பாட்டு. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்குக் கூட அட்வான்ஸில் பிடிக்கிறார்கள். இங்கே கிணற்றில் விஷத்தைக் கொட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தவர்களிடம் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம்!

அண்ணாச்சி சொன்ன "ஆராயட்டும்" விஷயத்துக்கு வருகிறேன். ஆராயாமல் விட்டார்களா என்ன? நாக்பூரின் 'நீரி' நிறுவனம் 1990களிலேயே ஆராய்ந்தது. 1999ல் கிரீன்பீஸ் வந்து மாதிரி எடுத்தது. 2009ல் டெல்லியின் சி.எஸ்.இ. எடுத்தது. 2010ல் நீரியும் ஹைதராபாத் 'என்.ஜி.ஆர்.ஐ.'யும் சேர்ந்து ஆராய்ந்து, சுத்தம் செய்ய வேண்டிய மண் சுமார் 11 லட்சம் டன் என்று மதிப்பிட்டன. லக்னோவின் நச்சியல் ஆராய்ச்சி நிலையம் நிலத்தடி நீரைச் சோதித்தது. 2018 வாக்கில் பாதிக்கப்பட்ட குடியிருப்புகளின் எண்ணிக்கை 42 என்று வந்தது. உச்ச நீதிமன்றம் 2004லேயே சுற்றியுள்ளவர்களுக்குக் குழாய் வழியே நல்ல தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டது. கிணறு கெட்டுப்போனது எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். அறிக்கை அலமாரியில் சேர்ந்துகொண்டே போனது, மண் இருந்த இடத்திலேயே இருந்தது.

நிலத்தை ஆராய்வது சுலபமான வேலை என்று நான் சொல்லவில்லை. பழைய வரைபடத்தைத் தேடி எங்கே குழி இருந்தது, எங்கே டாங்க் இருந்தது என்று பார்க்க வேண்டும். துளை போட்டு, ஆழம் ஆழமாக மண் எடுத்து, லேபுக்கு அனுப்ப வேண்டும். சுற்றிலும் சோதனைக் கிணறு வைத்து நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல வேலை, அவசியமான வேலை. ஆனால் நிலத்தடி நீர் சும்மா நிற்காது. மெதுவாகவாவது நகர்ந்துகொண்டே இருக்கும், விஷத்தையும் கூட்டிக்கொண்டு போகும். இன்று எடுத்த அளவு பத்து வருடம் கழித்துச் செல்லாது. அறிக்கை வந்த கையோடு சுத்தம் செய்யவில்லை என்றால் மறுபடி ஆராய வேண்டும், மறுபடி நிதி, மறுபடி டெண்டர். ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் இப்படித்தான் வீணாகிறது.

சுத்தம் செய்ததே இல்லையா என்றால், செய்தார்கள். 2005ல் ஆலைக்குள் கிடந்த கழிவையும் கொஞ்சம் மண்ணையும் பொறுக்கி மூட்டை கட்டி ஒரு கொட்டகையில் வைத்தார்கள். அது அங்கேயே பல வருடம் கிடந்தது. 2012ல் ஒரு ஜெர்மன் அமைப்பு, சுமார் 25 கோடி ரூபாய்க்கு அதை விமானத்தில் ஜெர்மனிக்குக் கொண்டுபோய் எரித்துத் தருகிறேன் என்றது. அங்கே எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கிவிட்டது. கடைசியில் 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் நாலு வாரம் கெடு வைத்த பிறகுதான், 2025 புத்தாண்டு இரவில் 12 கண்டெய்னர் லாரிகள் 337 டன்னை ஏற்றிக்கொண்டு சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி பீதம்பூருக்குப் புறப்பட்டன. அந்த ஊர் ஜனங்கள் போராடினார்கள், ஒன்றிரண்டு பேர் தீக்குளிக்கக் கூடப் போனார்கள். ஜூன் கடைசியில் எரித்து முடித்தார்கள். எரித்து மிஞ்சிய சாம்பலும் எச்சமும், எரித்ததைவிட அதிக எடை. சுண்ணாம்பு சேர்க்கிறார்கள் இல்லையா, அதனால்.

இதற்கு மத்திய அரசு கொடுத்தது 126 கோடி ரூபாய். இனி ஒரு சின்னக் கணக்கு.

126 கோடியை 337 டன்னால் வகுத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 37 லட்சம். 1989ல் யூனியன் கார்பைட் கொடுத்துக் கைகழுவிய 47 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 715 கோடி ரூபாய். செத்தவர்கள், நுரையீரல் போனவர்கள், கண் போனவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேலான தொகையை 337 டன் குப்பைக்கு நாம் கட்டியிருக்கிறோம். (அந்தக் கால ரூபாய் வேறு, இந்தக் கால ரூபாய் வேறு என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் தெரியும். காலத்தில் முடிக்காமல் இழுத்ததால்தானே இந்த ரூபாய் அந்த ரூபாய் ஆனது?) தரைக்குள் இருக்கும் 11 லட்சம் டன்னோடு ஒப்பிட்டால் 337 டன் மூவாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதற்கே இவ்வளவு காசு, இவ்வளவு வருடம்.

அந்த 126 கோடி யாருடையது? டௌ கட்டவில்லை. கூடுதல் இழப்பீடாக சுமார் 7,800 கோடி கேட்டு மத்திய அரசு போட்ட மறுசீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்துவிட்டது. அப்படியானால் கட்டியது நீங்களும் நானும். ஆலைக்குப் பின்னால் குடிசையில் இருக்கும் அம்மாவும் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறாள். தன் கிணற்றைக் கெடுத்தவனின் குப்பையை அள்ளத் தன் காசையே கொடுத்திருக்கிறாள். அண்ணாச்சி, எனக்கு வலிப்பது இங்கேதான்.

"கெடுத்தவனே கட்ட வேண்டும்" என்பது நம் நாட்டில் புதுச் சட்டம் ஒன்றும் இல்லை. 1996ல் நம்ம வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இந்த மண்ணின் சட்டம் என்றே சொன்னது. அதே வருடம் உதய்ப்பூர் பக்கம் பிச்ரி கிராமத்தின் கிணறுகளைக் கெடுத்த கம்பெனிகளைக் கட்டச் சொல்லியும் தீர்ப்பு வந்தது. 15 வருடம் கழித்து, 2011லும் அந்தப் பணம் வரவில்லை. 'தீர்ப்பையே இழுத்தடிக்கிறாயா' என்று கூட்டு வட்டி போட்டு நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு மலை இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். பாலாற்றுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2025 ஜூலையில் வந்த விதிகளைக் குறை மட்டும் சொல்லவும் மாட்டேன். சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்டமாகப் பார்க்க வேண்டும், பிறகு மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. அதற்கும் பிறகு யார் கெடுத்தது என்று கண்டுபிடிக்க 90 நாள். எல்லாம் சரி. ஆனால் சுத்தம் செய்து முடிக்கக் கெடு எங்கே? அது இல்லை! நாடு முழுக்க 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டு, விதிகள் வந்த சமயத்தில் 7 இடத்தில்தான் சுத்தம் செய்யும் வேலையே தொடங்கியிருந்தது. அளப்பதற்கு நாள் குறித்தவர்கள் அள்ளுவதற்கு நாள் குறிக்கவில்லை.

"அப்ப துட்டே வேண்டாம்னு சொல்லுதீரா?" என்று அண்ணாச்சி கேட்பார். இல்லை. கெடுத்தவன் வந்து கட்டும் வரை மண்ணைத் தொடாமல் காத்திருப்பது முட்டாள்தனம். அமெரிக்காவில் 'லவ் கெனால்' என்ற இடத்தில் புதைத்த ரசாயனம் 1978ல் வீடுகளுக்குள் வந்த பிறகு, 1980ல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசு முதலில் சுத்தம் செய்யும், அப்புறம் கெடுத்தவனைத் துரத்திப் பிடித்து வசூலிக்கும். சட்டத்துக்கு முன்னால் கொட்டியதற்கும் அவன்தான் பொறுப்பு. அவர்களிடமும் ஆயிரம் ஓட்டை உண்டு. ஆனால் அரசு போடும் காசு அங்கே கடன், கெடுத்தவன் பேரில் எழுதப்படும் கடன். நம்மிடம் அது தர்மம்.

ஆகவே, ஒரு நகரம் நிதி வாங்கித் தன் நிலத்தை ஆராயட்டும். மூன்று நிபந்தனையோடு வாங்கட்டும். ஒன்று, முதல் ரூபாய் செலவாகும் அன்றே கெடுத்தவனுக்கு அந்தத் தொகைக்கு நோட்டீஸ் போக வேண்டும். இரண்டு, முடிவு அங்கே குடியிருப்பவர்களின் மொழியில், வரைபடத்தோடு, வார்டு அலுவலக வாசலில் ஒட்டப்பட வேண்டும். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாத அறிக்கையால் என்ன பிரயோஜனம்? மூன்று, ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் அதே உத்தரவில் சுத்தம் செய்து முடிக்கும் தேதியும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் வரும் பணத்துக்கு மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொள்வதை நிறுத்துவோம்.

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தானேயிலும் புனேயிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பழைய ஆலை நிலங்களில் அடுக்குமாடி எழும்புகிறது, நாம்தான் லோன் போட்டு வாங்குகிறோம். வாஸ்து கேட்கிறோம், கார்பெட் ஏரியா கேட்கிறோம், பக்கத்தில் தென்னிந்தியக் கோயில் இருக்கிறதா என்றுகூடக் கேட்கிறோம். முன்பு இந்த இடத்தில் என்ன ஆலை இருந்தது, மண்ணைச் சோதித்தார்களா, அறிக்கை எங்கே என்று கேட்பதில்லை. உள்ளூர்க்காரனுக்குப் பழைய புகைபோக்கி ஞாபகம் இருக்கும். வெளியூர்க்காரனான நமக்கு இருக்காது. அதனால் நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறேன். இந்த மாவட்டத்தின் அரையாண்டுப் பட்டியல் தயாரா, அதில் என்னென்ன இடங்கள் என்று இரண்டே கேள்வி. கட்டணம் பத்து ரூபாய். அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஹிந்தில எழுதிரும், இங்கிலீசுல போட்டா ஓரமா வச்சிருவான்" என்றார். எழுதியாச்சு.