தேர்க்கட்டையும் அடாப்டரும்

சென்ற மாதம் எங்கள் வீட்டு செட்-டாப் பாக்ஸ் அணைந்து அணைந்து எரிந்தது. அடாப்டரில் சில்வண்டு மாதிரி ஒரு கீச்சொலி. ராஜபாளையத்தில் ஒரு கடையில் காட்டினேன். "தூக்கிப் போடுங்க சார், புதுசு முந்நூத்தம்பது" என்றார்கள். மனசு வராமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். தலை உப்பியிருந்த ஒரு கெப்பாசிட்டரை மாற்றினார். நாற்பது ரூபாய். சத்தமும் நின்றது, அணைவதும் நின்றது.

"இதுக்கா இத்தனை ஆட்டம்?" என்றேன்.

"நம்ம ஆடிப்பூரத் தேரை நினைச்சுக்குங்க சார்" என்றார்.

தேர் ஒரு பக்கம் ஒதுங்கினால் சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போட்டுத் திருப்புவார்கள். தாமதமாக, பதறிப்போய்ப் போட்டால் தேர் மறுபக்கம் போய்விடும். அங்கே இன்னொரு கட்டை. வீதியெல்லாம் நெளிந்துகொண்டே போகும். அனுபவசாலி போக்கை முன்னமே பார்த்து அளவாகப் போடுவார்.

அடாப்டருக்குள்ளும் அதே கதைதான். 230 வோல்ட் ஏசியை டிசியாக்கி, ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. வெளியே வரும் 12 வோல்ட்டை ஒரு சர்க்யூட் பார்த்துக்கொண்டே இருந்து, குறைந்தால் கூட்டு, கூடினால் குறை என்று சொல்லி அனுப்புகிறது. ஆனால் கெப்பாசிட்டர் நிரம்பக் கொஞ்சம் நேரமாகும். அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி நிதானமாகத் திருத்தத்தான் ஓரிரு சிறு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்க்கிறார்கள். சூட்டில் பெரிய கெப்பாசிட்டர் காய்ந்து குணம் மாறினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். வோல்ட் மேலும் கீழும் ஆடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இத்தகைய கட்டுப்பாட்டுக்குப் பிரெஞ்சில் 'அசெர்விஸ்மான்' என்று பெயர். நேர்ப்பொருள், அடிமையாக்குதல். அடிமைக்குப் பணிவு மட்டும் போதாது, நிதானமும் வேண்டும் போலிருக்கிறது. கோப்பு பார்த்தே காலம் கழித்தவனுக்கு இது புதிதில்லை. புகார் மேலே போய் உத்தரவு வருவதற்குள் நிலைமை மாறிவிடும். அந்த உத்தரவே அடுத்த புகாருக்குக் காரணமாகும்.

85 டிகிரி கெப்பாசிட்டருக்குப் பதில் 105 டிகிரி தாங்குவதைப் போட்டால் அடாப்டர் இன்னும் பல வருஷம் உழைக்கும். அந்தச் சில ரூபாயை மிச்சம் பிடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால், என்ன கோளாறு என்றுகூடக் கேட்காமல் தூக்கிப் போடும் நம் மேல்தான் அதிகக் கோபம். அந்த மெக்கானிக்கிடம் தொழில் பழக இப்போது ஒரு பையன்கூட இல்லை. நாம் வேலை கொடுத்தால்தானே வருவான்?

ஒன்று மட்டும்: வீட்டில் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.