தயாராகிவிட்டோம், கேட்டைத் திற!

போன மாசம் எங்கள் ஏரியா சமுதாயக் கூடத்தில் ஒரு முகாம் நடந்தது. 'செயற்கை நுண்ணறிவு யுகத்துக்கு இளைஞர்களைத் தயார்படுத்துதல்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். வந்தவர் நல்லாத்தான் பேசினார். உலகச் சந்தை தலைகீழாக மாறுகிறது, தயாராக இருப்பவன் பிழைப்பான், தயாராகாதவனைச் சந்தை தூக்கி எறியும் என்றார். எங்கள் தெருப் பொண்ணு ஒருத்தி, கணினி அறிவியல் முடித்துவிட்டு ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பவள், எழுந்து கேட்டாள்: "சார், நாங்க ரெடியாயிட்டா எடுத்துக்குவீங்களா?"

அவர் சிரித்தார். "அதை மார்க்கெட்தாம்மா முடிவு பண்ணும்."

தோழர்களே, மொத்த சூழ்ச்சியும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. தயாராவது நம்ம பொறுப்பு. எடுத்துக்கொள்வது யாருடைய பொறுப்பும் இல்லை.

படிக்காதே என்று சொல்ல நான் வரவில்லை. நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். சாயந்திரமானால் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவன். எந்தப் புது மெஷின் வந்தாலும் நம்ம பிள்ளைகள் அதன்மேல் கை வைக்க வேண்டும் என்று நினைக்கிறவன். என் சண்டை பயிற்சியோடு இல்லை. இட ஒதுக்கீடு உட்கார வேண்டிய நாற்காலியில் பயிற்சியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்களே, அதோடுதான் என் சண்டை.

எங்கள் ஊர்க் கதையிலிருந்தே சொல்கிறேன். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அந்தச் சோசலிசம் நம்ம தெரு முனை வரைக்கும்கூட வரவில்லை. ஆனால் 1960களில் டேங்க் ஃபேக்டரி என்று நாங்கள் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, ஓ.சி.எஃப். வந்தது. எங்கப்பா டேங்க் ஃபேக்டரியில் எஸ்.சி. கோட்டாவில் உள்ளே போனவர். சேர்ந்த அன்றைக்கு அவருக்கு மில்லிங் மெஷின் தெரியாது. சேர்ந்த பிறகு கற்றுக்கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார். அந்தக் கைகள்தான் விஜயந்தாவுக்கும் அஜேயாவுக்கும் பாகம் செய்தன. கோட்டாவில் வந்தவன் கை பட்டதென்று டேங்க் ஓடாமலா நின்றுவிட்டது? அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டுக் கூரை ஓடானது, நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

அன்றைக்கு முதலில் வேலை, அப்புறம் பயிற்சி. இன்றைக்கு முதலில் பயிற்சி, அப்புறமும் பயிற்சி.

2021 அக்டோபர் 1ஆம் தேதி, நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். அதில் ஒன்றுக்கு ஆவடியிலேயே தலைமையகம். முதலாளி இன்னும் அரசுதான், இட ஒதுக்கீடும் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 2025இல் டேங்க் ஃபேக்டரி 1850 இளநிலைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. கோட்டாவும் போட்டிருந்தார்கள். ஆனால் அத்தனையும் ஒப்பந்த வேலை. எங்கப்பாவுக்குக் கிடைத்தது பென்ஷனோடு முடிந்த வேலை. அவர் பேரனுக்குக் கிடைப்பது தேதி குறித்துக் கொடுத்த வேலை. இட ஒதுக்கீட்டை ஒழிக்கச் சட்டமெல்லாம் தேவையில்லை. வேலையிலிருந்து நிரந்தரத்தை உருவிவிட்டால் போதும், கோட்டா வெறும் கூடாக நிற்கும்.

இந்தப் பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964இல் தொடங்கியது. தனியார் பட்டறைகள் என்பதால் அங்கே அன்றைக்கும் கோட்டா கிடையாது. ஆனாலும் லேத் ஓட்டத் தெரிந்தவனுக்கு ஒரு வாசல் இருந்தது. இப்போது பட்டறை இருந்த மனைகளில் கண்ணாடிக் கட்டடங்களும் டேட்டா சென்டர்களும் எழும்புகின்றன. செயற்கை நுண்ணறிவின் வயிற்றுப்பாடு இந்த டேட்டா சென்டரில்தான் நடக்கிறது. நிலம் குடிக்கும், கரண்ட் குடிக்கும். ஆள் மட்டும் கொஞ்சமாகத்தான் கேட்கும். பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். ரயிலில் போகும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரிக் கட்டடங்களின் கேட்டில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். நீல யூனிஃபார்ம் போட்டு ஹவுஸ்கீப்பிங்குக்குப் போகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், அடையாள அட்டை தொங்கப் போகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று விசாரியுங்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்கிவைப்பது என்று பாபாசாகேப் 1936லேயே காட்டினார். அந்த அடுக்குக்கு இன்றைக்கு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் 'பயிற்சி' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2004இல் தில்லியில் அமைந்த கூட்டணி அரசு தன் குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டத்தில் தனியார் துறை இட ஒதுக்கீடு பற்றிப் பேச ஒப்புக்கொண்டது. முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. 2006இல் பெரிய தொழிற்கூட்டமைப்புகள் சேர்ந்து ஒரு தன்னார்வ நடத்தை விதியைக் கொண்டுவந்தன. அதன் சாரம் இதுதான்: கோட்டா மட்டும் கேட்காதீர்கள், பதிலுக்கு உங்கள் பிள்ளைகளுக்குக் கோச்சிங் தருகிறோம், உதவித்தொகை தருகிறோம், வேலைக்குத் தகுதியானவர்களாக ஆக்கிக் காட்டுகிறோம். அதாவது, நாம் கேட்டது பங்கு, அவர்கள் நீட்டியது டியூஷன். அந்த டியூஷனுக்குத்தான் ஆளுக்கொரு பெயர், ஆட்சிக்கொரு பெயர். 2015இல் ஸ்கில் இந்தியா. 2022இல் நான் முதல்வன். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்கும் திட்டம். 2024இல் 10,372 கோடிக்கு இந்திய ஏ.ஐ. இயக்கம். ஐ.டி.ஐ.யில் நல்ல மெஷின் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஐ.டி.ஐ. சேர்க்கையில் நமக்கு 18 சதவீதம் இருக்கிறது. அந்தப் பையன் சர்ட்டிபிகேட்டோடு கம்பெனி கேட்டுக்கு வரும்போது எத்தனை சதவீதம்? பூஜ்யம்.

தகுதி இருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகளின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரித் தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வேறுபாடு பெயரில் மட்டும்தான். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. இதில் எந்தத் திறன் குறைந்தது? பெயருக்கு எந்த இன்ஸ்டிட்யூட்டில் கோச்சிங் கொடுப்பீர்கள்?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி கிடையாது என்று நாம் பெருமைப்படுகிறோம். சரிதான், அதனால்தான் இங்கே வேறு வழியில் மோப்பம் பிடிக்கிறார்கள். நான் போன ஒரு நேர்காணலில் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி, ஊரைப் பற்றி ஐந்து கேள்வி. "நேட்டிவ் எது?" "அங்க எந்தத் தெரு?" "கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" அந்தப் பக்கம் என்று சொன்னதும் ஃபைலை மூடினார்கள். இப்போது அந்த ஃபைலை மூடும் வேலையை மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். மெஷினுக்குச் சாதி தெரியாது, அதனால் நியாயமாக நடக்கும் என்கிறார்கள். அந்த மெஷின் எதைப் படித்துக் கற்றுக்கொள்கிறது? இதுவரை யாரை எடுத்தார்கள் என்ற பழைய பட்டியலைப் படித்துத்தான். அமேசான் கம்பெனி ஆளெடுக்க ஒரு மென்பொருள் செய்து பார்த்தது. பழைய விண்ணப்பங்களில் ஆண்களே நிறைந்திருந்ததால் அது பெண்களைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொண்டது. கடைசியில் அதைக் கைவிட்டார்கள் என்பது 2018இல் வெளியே வந்த செய்தி. அங்கே ஆண், பெண். இங்கே பின்கோடு, பள்ளிக்கூடம், அப்பா பார்த்த வேலை. சாதி என்ற சொல்லே இல்லாமல் சாதி பார்க்க இவை போதும். அக்ரகாரத்துக் கணக்குப்பிள்ளைக்காவது முகம் இருந்தது, சண்டை போடலாம். இதனிடம் போய் யார் சட்டையைப் பிடிப்பது?

உலகச் சந்தைக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்றும் ஒரு கதை ஓடுகிறது. 2020இல் கலிபோர்னியா மாநில அரசுத் துறையே, ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டது என்று சிஸ்கோ கம்பெனிமீது வழக்குப் போட்டது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது. அமெரிக்கா வரை பாஸ்போர்ட் எடுத்துப் போன சாதி, அம்பத்தூர் எஸ்டேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நிற்குமா?

உலகச் சந்தையின் விசுவாசத்தையும் நாம் பார்த்தவர்கள்தான். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. பூந்தமல்லி வழியாகக் கம்பெனி பஸ் போகும்போது, வாழ்ந்தால் இப்படி வாழ வேண்டும் என்று ஊரே பேசியது. உச்சத்தில் எட்டாயிரம் பேர், பெரும்பாலும் பிளஸ் டூ முடித்த பெண்கள், கண் மூடித் திறப்பதற்குள் ஃபோன் கோர்க்கிற கைகள். வரித் தகராறு வந்தது, கம்பெனியின் ஃபோன் வியாபாரம் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியது, சென்னை ஆலையை மட்டும் கழற்றிவிட்டார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. அந்தப் பெண்களுக்கு எந்தத் திறன் குறைந்தது?

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களுக்கு எந்தத் திறன் குறைந்தது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். நள்ளிரவில் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வருஷக்கணக்கான அனுபவம் இருந்தும் நிரந்தரம் இல்லை என்றால், பிரச்சினை திறனில் இல்லை, வேலை கொடுக்கிறவன் மனசில் இருக்கிறது. மெஷின் வர வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது மலக்குழி. 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம், 2023இல் சாவுக்கு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கவிதை எழுத மெஷின் வந்துவிட்டது. குழியில் இன்னும் நம்ம ஆள்தான் இறங்குகிறான்.

ஆகவே மாணவத் தோழர்களே, அடுத்த முகாமில் நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: தனியார் துறை இட ஒதுக்கீட்டுக்குச் சட்டம். அரசிடம் நிலமும் சலுகையும் வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும், எந்த மட்டத்தில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் பட்டியல் ஒட்ட வேண்டும்.

இரண்டு: 1961ஆம் ஆண்டு தொழிற்பயிற்சியாளர் சட்டத்தில் 3ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அப்ரண்டிஸ் இடங்களில் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒதுக்கீடு தர வேண்டும் என்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கம்பெனிகளில் எத்தனை இடம் ஒதுக்கினார்கள், எத்தனை நிரப்பினார்கள்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுவோம். இது நாளைக்கே செய்யக்கூடிய வேலை.

மூன்று: தமிழ்நாடு அரசே 2020இல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதைத் தூசு தட்டி எடுக்க வேண்டும். ஆளெடுக்கிற மென்பொருள் எதுவானாலும் சாதிப் பாகுபாடு காட்டுகிறதா என்று சோதிக்காமல் இந்த மண்ணில் ஓடக்கூடாது.

நான்கு: பயிற்சிக்கு ஒரு ரூபாய் செலவானால், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஒரு வருஷம் கழித்து அந்த வேலை இருந்ததா என்று கணக்குக் காட்ட வேண்டும். சர்ட்டிபிகேட் எண்ணிக்கையைக் காட்டி ஏமாற்ற வேண்டாம்.

கற்றுக்கொள்வோம், விடக் கூடாது. பைத்தான் கற்றுக்கொள்வோம், ரோபோ ஓட்டக் கற்றுக்கொள்வோம். ஆனால் 'நீ இன்னும் தயாராகவில்லை' என்று இவர்கள் சொல்லும்போது தலை குனியாதீர்கள். இரண்டாயிரம் வருஷமாக எல்லா வேலையும் செய்து காட்டியவர்கள் நாம். தயாராகாதவர்கள் அவர்கள்தான். நம்மோடு பக்கத்து நாற்காலியில் உட்கார இன்னும் தயாராகாதவர்கள். அவர்களுக்கு எந்த முகாமில் பயிற்சி கொடுக்கப் போகிறோம்?