புல்தரை யாருக்கு?

பூங்கா என்னும் சொல்லில் பூவும் உண்டு, காவும் உண்டு. கா என்பது சோலை. சோலை கண்ணால் காண்பதற்கு மட்டும் உரியதன்று. நிழலில் அமர்வதற்கும், பிள்ளைகள் ஓடியாடுவதற்கும், கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பகிர்ந்து உண்பதற்கும் உரியது. பெருநகரப் பூங்காக்கள் பலவற்றில் இப்பொருள் மறக்கப்பட்டு வருகிறது. ‘புல்லின் மீது நடக்காதீர்’, ‘பந்து விளையாடத் தடை’, ‘உணவு கொண்டுவரக் கூடாது’ என்னும் பலகைகளே வருவோரை முதலில் எதிர்கொள்கின்றன. மரம் இருக்கிறது, புல் இருக்கிறது. மக்கள் மட்டும் நடைபாதையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்ப வேண்டும்!

தில்லியிலுள்ள லோதி தோட்டம் இப்போக்கிலிருந்து விலகி நிற்கிறது. குளிர்கால ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அங்குச் செல்வோர் இதனைக் காணலாம். பனிமூட்டம் விலகி வெயில் படர்ந்ததும் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து புல்தரையில் விரிப்பை விரிக்கின்றன. பூரியும் உருளைக்கிழங்கும், பராத்தாவும் ஊறுகாயும், ஆரஞ்சுப் பழமும் வேர்க்கடலையும் வெளிவருகின்றன. பாட்டி வெயிலுக்கு முதுகைக் காட்டி அமர்கிறார். தந்தை செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு உறங்கிவிடுகிறார். பிள்ளைகள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை மண்டபங்களைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குச் சித்திரான்னம் கட்டிச் செல்லும் வழக்கத்தை அறிந்த தமிழர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. ஆறு இருந்த இடத்தில் புல் இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

இத்தோட்டம் தொடக்கத்தில் எல்லார்க்கும் உரியதாக எண்ணி அமைக்கப்பட்டதன்று. அங்கிருந்த கைர்பூர் என்னும் சிற்றூரை அகற்றி, 1936-ஆம் ஆண்டில் வைசிராயின் துணைவியார் பெயரால் ‘லேடி வில்லிங்டன் பூங்கா’ எனத் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அங்குத் துயிலும் மன்னர் குலத்தின் பெயரைப் பெற்றது. 1968-இல் ஜோசப் ஆலன் ஸ்டெயின், காரெட் எக்போ ஆகிய வல்லுநர்கள் இதனைத் திருத்தி அமைத்தனர். சிக்கந்தர் லோதியின் கல்லறையும், அக்பர் காலத்து ‘அட்புலா’ பாலமும் இன்று ஏறத்தாழ 90 ஏக்கர் பசுமைக்கு நடுவே நிற்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. அருகிலேயே ஜோர் பாக் மெட்ரோ நிலையம் இருப்பதால், யமுனைக்கு அப்பாலிருந்து வரும் குடும்பத்துக்கும் வழி எளிது. ஊரை அகற்றி உருவாக்கிய ஒரு நிலம் பின்னர் ஊருக்கே உரியதாயிற்று என்பது சிறிய செய்தியன்று.

இவ்வுரிமை ஏன் இன்றியமையாதது? மாநகரில் பல குடும்பங்கள் ஓரறை, ஈரறை வீடுகளில் வாழ்கின்றன. அவற்றுக்கு முற்றம் இல்லை, திண்ணை இல்லை. மொட்டை மாடியும் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்க்கே உரியது. உறவினர் பத்துப்பேர் ஒன்றாக அமர்ந்து உண்ண வீட்டில் இடமில்லை. உணவகத்துக்குச் செல்லக் கையில் பணமில்லை. அத்தகையோர்க்குப் பூங்காவின் புல்தரையே முற்றம். அங்கு உணவைத் தடுப்பது அவர்களையே தடுப்பதாகும். காலையில் நடைப்பயிற்சி செய்து திரும்புவோரை அத்தடை சிறிதும் தீண்டுவதில்லை என்பதும் கருதத்தக்கது.

உண்போர் குப்பையை விட்டுச் செல்கிறார்கள் என்று பராமரிப்போர் கூறுவது பொய்யன்று. திங்கட்கிழமைக் காலையில் எச்சில் தட்டுகளைப் பொறுக்கும் துப்புரவுப் பணியாளரின் குனிந்த முதுகை எண்ணாமல் இது குறித்துப் பேசுவது முறையுமன்று. எனினும் குற்றம் உணவில் இல்லை. தட்டு, குவளை, கரண்டி உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பல 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளன. அத்தடையை வாயிலிலேயே கண்டிப்புடன் செயல்படுத்தலாம். வீட்டுப் பாத்திரத்தில் உணவு கொண்டுவருவோர் அப்பாத்திரத்தைப் புல்லில் எறிந்துவிட்டுச் செல்வதில்லை. குப்பைக்கூடை ஒவ்வொரு மரக்கூட்டத்தின் அருகிலும் இருக்க வேண்டும். நண்பகலுக்குள் நிரம்பி வழியும் கூடையால் பயனில்லை.

மற்றொரு வழி கட்டணம். உமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள சுந்தர் நர்சரி, புதுதில்லியை உருவாக்கிய காலத்தில் மரக்கன்றுகளை வளர்த்துப் பார்த்த இடம். ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் அழகையும் தூய்மையையும் குறை கூற இயலாது. சிதைந்து கிடந்த பழங்கட்டடங்களும் அங்கு மீட்கப்பட்டுள்ளன. ஆனால் உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். ஒருவர்க்குச் சிறு தொகையாகத் தோன்றுவது, ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்குப் பேருந்துச் செலவுடன் சேரும்போது சிறிதாக இராது. அத்தகைய தோட்டம் நகரில் ஒன்றிரண்டு இருக்கலாம். எல்லாப் பூங்காவும் அவ்வழியில் சென்றால் ஏழைப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று மரத்தைப் பார்க்க நேரிடும்.

பெரிய தோட்டங்களுக்கு ஆண்டில் சில முறைதான் செல்ல இயலும். நாள்தோறும் பயன்பட வேண்டியவை குடியிருப்புப் பகுதிகளிலுள்ள சிறு பூங்காக்களே. அவற்றின் நிலைதான் மிகவும் வருந்தத்தக்கது. பல இடங்களில் கழிப்பறை இல்லை. ஆதலால் முதியோரும் பெண்களும் நீண்ட நேரம் அங்குத் தங்குவதில்லை. குடிநீர்க் குழாய் இருந்தால் அதில் நீர் வருவதில்லை. சில பூங்காக்களின் சாவி குடியிருப்போர் சங்கத்தாரிடம் இருக்கிறது. புல் கெட்டுவிடும் என்று பகற்பொழுதெல்லாம் கதவைப் பூட்டி வைக்கிறார்கள். வரியாகப் பெற்ற பணத்தில் வளரும் புல் அது. பள்ளி விட்டு வந்து, உண்டு, வீட்டுப்பாடம் முடிக்கும் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரமே எஞ்சுகிறது. அந்த ஒரு மணி நேரமேனும் பூட்டு திறந்திருக்க வேண்டும்.