மூடிய மரபணுவும் திறக்கும் சாவியும்
இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவன்

மரபணு என்றால் மாற்ற முடியாத தலையெழுத்து என்று படித்தவர்களே பேசக் கேட்கிறேன். இதை நான் ஒப்புவதற்கில்லை. தலையெழுத்துதான் என்றால், தாய் வயிற்றில் நாம் இருந்தபோது உடலில் ஓடிய ஹீமோகுளோபின் வேறு, இன்று ஓடுவது வேறு என்பதற்கு என்ன விளக்கம்?

குருதியை ஆக்கும் மூலச்செல்கள் கருவின் பெருந்தமனிச் சுவரில் தோன்றி, கல்லீரலுக்குச் சென்று பெருகி, பின்னர் எலும்பு மஜ்ஜையில் குடியேறுகின்றன. குளோபின் மரபணுக்களோ பதினோராம் குரோமோசோமில் எப்சிலான், காமா, டெல்டா, பீட்டா என்று வரிசையாக நிற்கின்றன. விந்தை என்னவென்றால், ஏறத்தாழ அதே வரிசையில்தான் அவை பணிக்கு அழைக்கப்படுகின்றன! கருவின் தொடக்க வாரங்களில் எப்சிலான், பிறகு பிறப்பு வரை காமா, அதன்பின் பீட்டா. (டெல்டாவின் பங்கு மிகச் சிறிது.) காமா தரும் ஹீமோகுளோபின் தாயின் குருதியிலிருந்து ஆக்சிஜனை ஈர்த்துக்கொள்வதில் வல்லது. பள்ளிக்கூடம் போகாத என் தாயாரிடம் இதைச் சொன்னேன். "மூச்சே விடாத புள்ளைக்கு அதுக்கு ஏத்த ரத்தந்தானேடா இருக்கும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல இயலாது.

பிறந்தபின் காமா அழிந்துவிடுவதில்லை; பூட்டி வைக்கப்படுகிறது. அந்தப் பூட்டு பி.சி.எல்.11ஏ என்னும் புரதம் என்பதை 2008-ல் பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஆர்கின், விஜய் சங்கரன் குழுவினர் காட்டினர். கருப்பருவச் செல்களில் லின்28பி என்னும் மற்றொரு புரதம் அந்தப் பூட்டு உருவாகாமல் தடுத்து நிற்கிறது. பருவம் மாறியதும் அது விலகுகிறது, பூட்டு விழுகிறது.

இதனால் யாருக்கு என்ன பயன்? அரிவாள் செல் நோயாளியைக் கேளுங்கள். பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின், அவ்வளவே பிழை. சிவப்பணு அரிவாளாய் வளைந்து நாளங்களை அடைக்கிறது. எலும்பை முறிப்பது போன்ற வலி. ஆனால் இந்நோயுடன் பிறந்த குழந்தை முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கிறது. காமா காக்கிறது என்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் 1948-லேயே உணர்ந்து சொன்னார்.

அந்தப் பூட்டைத் திறக்கும் சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. மூலச்செல்களை வெளியே எடுத்து, பி.சி.எல்.11ஏ-யைச் சிவப்பணு மரபில் மட்டும் தூண்டும் சிறு பகுதியைக் கிரிஸ்பர் முறையில் வெட்டித் திரும்பச் செலுத்துகிறார்கள். ஓராண்டுக்கு மேல் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர் குறைந்தது ஓராண்டு கடும் வலித்தாக்கமின்றி இருந்தனர். மகத்தான வெற்றி! விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். பதினெட்டுக் கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தியாவில் இந்த மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952-ல் முதன்முதல் வெளியிட்டது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம் கண்டுதான். அந்த மக்களின் பேரக்குழந்தைகளுக்குப் பதினெட்டுக் கோடி யார் தருவார்? தில்லியில் மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம் நம் நாட்டுக்கென ஒரு திருத்தச் சிகிச்சையை உருவாக்க முயல்வதை வரவேற்கிறேன். ஆயினும் என் கருத்து இது: அதிசயத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கைக்கெட்டியதை விட்டுவிடக் கூடாது. ஹைட்ராக்சியூரியா என்ற மலிவான மாத்திரை, முழுமையாக இல்லாவிடினும், காமாவை ஓரளவு எழுப்புகிறது. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் வலித்தாக்கங்களை ஏறக்குறையப் பாதியாக்கியது. எல்லோருக்கும் ஒரேபோல் பலிப்பதில்லை. அவ்வப்போது குருதி எண்ணிக்கை பார்க்க வேண்டும். மாத்திரை மலிவு, உண்மைதான். ஆனால் சோதனைக்காக மலையிலிருந்து இறங்கி வருபவருக்கு ஒருநாள் கூலி போய்விடுமே! அந்தச் சோதனை அவர்கள் ஊருக்கே வரவேண்டும்.

2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் ஏழு கோடிப் பேரைச் சோதிக்க முனைந்தது. நல்லது. எனினும் பிறந்த குழந்தைகளையே முதலில் சோதிக்க வேண்டும் என்பேன். காமா காவல் நிற்கும் அந்தச் சில மாதங்களுக்குள் நோயை அறிந்தால்தான், இரண்டாம் மாதத்திலேயே பெனிசிலின் தொடங்கித் தொற்றைத் தடுக்க முடியும். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் இம்முறை மலையூர்களில் நடக்கட்டும். சாலை போடுவதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். பச்சிளங் குழந்தையின் குதிகாலில் ஒரு துளிக் குருதி எதற்கு என்று தாய்மாருக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்ல, விலங்கியல் மாணவர் இருபது பேர் போதும்.